வேஷம் ஒன்று, இலக்கு வேறு: ஒரு பழைய கார்ட்டூனை வைத்து அங்கதம் பற்றி

‘குளோன் ஹை’ என்று ஒரு கார்ட்டூன் தொடர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றியது. 2003-ல், முதல் பருவத்தோடு நின்றுபோனது. அதன் துண்டுக் காட்சிகள் இன்னமும் அவ்வப்போது வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காந்தி என்று பெயர் வைத்த ஒரு பையன் அதில் எகிறிக் குதிக்கிறான், பார்ட்டி பார்ட்டி என்று அலைகிறான், வாய் ஓயாமல் கத்துகிறான்.

பார்த்தவுடன் தீர்ப்பு வந்துவிடும். “காந்தியை அசிங்கப்படுத்திட்டானுங்க” என்பது ஒரு தரப்பு. “சும்மா ஜோக்குப்பா, இதுக்குப் போய் இன்னா சண்டை” என்பது இன்னொரு தரப்பு. வேலூரில் என்னைச் சுற்றி இருப்பவர்களிடமே இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் தாண்டிப் போகின்றன. இந்தக் காட்சி யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது?

அங்கதம் என்ற கலையின் முழு இயக்கமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒரு குறையை, மடமையை, அதிகாரத்தின் ஆணவத்தைச் சிரிப்பின் வழியாகக் கண்டிப்பதுதான் அங்கதம். இன்றைக்கு மீம், ட்ரோல், கலாய், நக்கல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு ‘சட்டையர்’ என்கிறோம். யாராவது எதிர்த்துக் கேட்டால் “உனக்கு காமெடி சென்ஸ் இல்ல” என்று முடித்துவிடுகிறோம். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கட்டியக்காரன் செய்கிற வேலை

வடாற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தெருக்கூத்து போதும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் இரவு முழுக்கக் கூத்து நடக்கும். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வருவான். திரை விலகும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். முகவீணை ஏறும். அவ்வளவு பெரிய ராஜாவுக்குப் பக்கத்தில், அரிதாரத்தை அள்ளிப் பூசிக்கொண்டு கட்டியக்காரன் நிற்பான். ராஜாவின் புகழைச் சொல்லி வரவேற்பதுதான் அவன் உத்தியோகம். வரவேற்பு இப்படிப் போகும்:

“மகாராஜா, நீங்க வரீங்கன்னு ஊருக்குள்ள புது ரோடு போட்டாங்கோ. நேத்து போட்டாங்கோ. காலையில மழை பேஞ்சிது. ரோடு இன்னா ஆச்சின்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்.”

“ஏனடா சொல்லமாட்டாய்?”

“காண்ட்ராக்டரு முன் வரிசையில குந்திக்கினு கீறாரு மகாராஜா.”

கூட்டம் சிரிக்கும். யாரைப் பார்த்து? மேடையில் நிற்பது அஸ்தினாபுரத்து அரசன். அடி விழுந்தது நேற்று ரோடு போட்டவருக்கு. துரியோதனனுக்கு அவமானம் என்று ஊரில் ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. பேச்சு எந்த வேஷத்தைத் தொட்டுப் போகிறது, எங்கே போய் இறங்குகிறது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிகிறது.

இதிலிருந்து மூன்று சொற்களை எடுத்துக்கொள்கிறேன். மேடையில் கண்ணுக்குத் தெரிகிற உருவம் வேஷம். உண்மையில் கண்டிக்கப்படுகிற ஆளோ வழக்கமோ இலக்கு. இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் தானே கடந்து புரிந்துகொள்கிறவர்கள் கூட்டம். ரோடு போட்ட கதை கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். காண்ட்ராக்டர் யார் என்று தெரிய வேண்டும். கட்டியக்காரனுக்கு இப்படிப் பேச உரிமை உண்டு என்ற ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முன் அறிவு இல்லாத வெளியூர்க்காரருக்கு அங்கே நடப்பது அரசவையில் ஒருவன் உளறுகிறான் என்பதுதான்.

சுருக்கமாக: அங்கதத்தில் வேஷமும் இலக்கும் பெரும்பாலும் ஒன்றல்ல. நடுவில் இருக்கும் தூரத்தைக் கூட்டம் கடக்க வேண்டும். கடந்தால் சிரிப்பு வரும், கடக்காவிட்டால் கோபமோ குழப்பமோ வரும்.

நேரே சொல்வதும் ஒளித்துச் சொல்வதும்

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. வெளிப்படையாக வசை சொல்வது செம்பொருள் அங்கதம். வசையைச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பது பழிகரப்பு அங்கதம். நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பது இரண்டாவதை.

பழிகரப்புக்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டை நாட்டு அரசன், அதாவது இன்றைய வேலூர்ப் பக்கத்தையும் சேர்த்து வடக்கே ஆண்ட வம்சம். அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். புறநானூற்றின் 95-ம் பாட்டில் ஔவையார் சொல்வதன் சாரம் இது: இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன.

ஒரு வசைச் சொல் கூட இல்லை. தொண்டைமானின் ஆயுதங்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பாராட்டு. அதியமானின் வேல்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் குறை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது: உன் ஆயுதம் சண்டையே பார்த்ததில்லை, பேசாமல் இரு. கணக்கை ஔவையார் போடவில்லை. கேட்பவன் போட வேண்டும். ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதை உணர்த்தும் இந்த உத்திக்கு முரண்நகை என்று பெயர். அங்கதத்தின் கையில் இருக்கும் முக்கியக் கருவி அது. பழிகரப்பில் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

கேலியும் பகடியும்

அங்கதத்தோடு குழம்பிப்போகிற இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை.

ஒருவரின் உருவம், நடை, பேச்சு, உடல் குறை இவற்றைக் காட்டிச் சிரிக்கவைப்பது கேலி. சிரிப்போடு அது முடிந்துவிடும், அதற்கப்பால் சொல்ல எதுவும் இருக்காது. நம் வடாற்காட்டுப் பேச்சை, அந்த ‘கீது’, ‘இன்னாத்துக்கு’ எல்லாவற்றையும் ஒரு காமெடியன் வாயில் போட்டுச் சினிமாவில் சிரிக்கவைப்பது கேலி. அதே ‘கீறாரு’வை வைத்துக் கட்டியக்காரன் காண்ட்ராக்டரைப் பிடிப்பது அங்கதம். பேச்சு ஒன்றுதான், சிரிப்பு விழும் இடம் வேறு. முதலாவதைப் பார்த்து நாமே கைதட்டிச் சிரித்துவிட்டு வருகிறோம் என்பது தனி வருத்தம்.

பகடி என்பது ஒரு வடிவத்தைப் போலச் செய்து, அதன் வழக்கங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவது. தொலைக்காட்சிச் சீரியலில் ஒரு அறை விழுந்தால் ஏழு பேர் முகத்தையும் மூன்று தடவை காட்டுகிறார்களே, அதை ஒருவர் அப்படியே நடித்துக் காட்டினால் பகடி. அந்த மிகையான சோகத்தைக் காட்டி வீட்டுப் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் ஒரு பிடி பிடித்தால் அங்கேயே அது அங்கதமாகிறது. ட்ரோல் இந்தக் கணக்கிலேயே வராது. எதிராளி கோபப்பட்டால் போதும் என்பதுதான் அதன் நோக்கம்.

‘குளோன் ஹை’ பகடியும் அங்கதமும் கலந்த சரக்கு. எது பகடி, எது அங்கதம் என்று பிரிக்காமல் பார்த்தால் அங்கே காந்தி மட்டும்தான் கண்ணில் படுவார்.

தொடர் என்ன சொல்கிறது

1980-களில் அரசாங்கத்தின் ரகசியக் கும்பல் ஒன்று வரலாற்றுப் பிரபலங்களின் கல்லறைகளைத் தோண்டி, மரபணு எடுத்து, நகல் குழந்தைகளை உருவாக்கிவிட்டது. இப்போது அவர்கள் எல்லோரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் விடலைகள். கதை இதுதான். குளோன் என்றால் ஒருவரின் மரபணுவை அப்படியே கொண்ட இன்னொரு உயிர். மரபணு வருமே தவிர, மூலவரின் நினைவோ அனுபவமோ கூடவே வராது, குணமும் அப்படியே வராது. தொடரின் மொத்த நகைச்சுவையும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

ஆப்ரகாம் லிங்கனின் நகல் ஏப். ஒட்டடைக்குச்சி உயரம், எந்த முடிவும் எடுக்கத் தெரியாது. உயிர் நண்பி, பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் நகல், தன்னைக் காதலிப்பது தெரியாமல் கிளியோபாட்ராவின் நகல் பின்னால் அலைகிறான். கென்னடியின் நகல் உடம்பைக் காட்டித் திரியும் பெருமைக்காரன். காந்தியின் நகல், மூலவருக்கு நேர் எதிராக, ஓயாத ஆட்டம் பாட்டம். ஒவ்வொருவரும் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்கிறார்கள். தலைமையாசிரியர் ஸ்கட்வொர்த்துக்கு இந்தப் பிள்ளைகளை வைத்து ஒரு கேளிக்கைப் பூங்கா கட்ட ஆசை. அவருக்கு மேலே இருக்கும் நிழல் கும்பலுக்கு இவர்களை ராணுவத்துக்குப் பயன்படுத்த ஆசை. படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது, பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காட்பாடி, வேலூர் பக்கம் பதினோராம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது. ஆஸ்பத்திரியும் பொறியியல் கல்லூரியும் சூழ்ந்த ஊர் இது. அப்பா டாக்டர் என்றால் பையன் டாக்டர். அக்கா முதல் மார்க் என்றால் தம்பி அதற்கு மேல். தொடரில் காந்திப் பையன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கும் காரணம் இதுவேதான்: அப்பேர்ப்பட்ட மனிதரின் நகல் என்ற சுமை தாங்க முடியாமல் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டான். வேஷம் காந்தி. இலக்கு, பிள்ளை முதுகில் பெரிய பெயரை ஏற்றும் உலகம்.

இரண்டாவது இலக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில், குறிப்பாக 1980-களில், ஒரு வழக்கம் இருந்தது. வாராவாரம் சிரிக்கவைப்பார்கள். திடீரென ஒரு வாரம் முகத்தை மாற்றிக்கொண்டு போதை, நோய், விபத்து என்று ஏதாவது ஒரு பெரிய விஷயத்தை எடுப்பார்கள். ‘மிகவும் விசேஷமான பகுதி’ என்று விளம்பரம் வேறு. இருபத்திரண்டு நிமிடத்துக்குள் பிரச்சினை தீர்ந்து, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. ‘குளோன் ஹை’ தன்னுடைய எல்லாப் பகுதிகளையுமே ‘மிகவும் விசேஷமானது’ என்று கனத்த குரலில் அறிவித்துக்கொள்ளும். இது பகடி.

பகடி அங்கதமாக மாறும் இடத்தைப் பார்க்க மூன்றாம் பகுதிக்குப் போகலாம். காந்திப் பையனுக்குக் கவனச்சிதறல் குறைபாடு இருப்பதாகத் தெரியவருகிறது. இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல, ஓரிடத்தில் கவனத்தை நிறுத்துவது கடினமாக இருக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. ஆனால் பள்ளியே அவனைக் கண்டு விலகி ஓடுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தள்ளிப்போகிறார்கள். சிரிப்பு அந்தப் பையனின் நிலைமேல் விழவில்லை, தெரியாததைக் கண்டு பதறும் ஊர்மேல் விழுகிறது. எய்ட்ஸ் வந்த புதிதில் அமெரிக்காவில் பரவிய பீதியையும், அந்தப் பீதியைக் கண்ணீர் விளம்பரமாக்கிய தொலைக்காட்சியையும் ஒரே வீச்சில் தொடுகிறது இது. எனக்குத் தொடரிலேயே பிடித்த பகுதி.

இன்னொரு பகுதியில் உலர்திராட்சையைப் புகைத்தால் போதை ஏறும் என்று பள்ளி முழுக்க நம்பிக்கை பரவுகிறது. போதையை எதிர்க்கிறோம் என்று மிரட்டலை மட்டும் பரப்பும் பிரச்சாரத்துக்கு அந்த அடி. நம் ஊர் பாயசத்தில் மிதக்கிற அதே உலர்திராட்சைதான். வெகுநாளைக்கு எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது.

இதுவரை சொன்னது: தொடரின் வடிவம், சோகத் தொலைக்காட்சியைப் பற்றிய பகடி. உள்ளே இருப்பது, பிள்ளைகள் மேல் பெரியவர்கள் ஏற்றும் சுமையைப் பற்றிய அங்கதம். வரலாற்று மனிதர்கள் வேஷங்கள்.

கார்ட்டூன் ஏன்

நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரையாமல், ஒரே படத்தைப் பல சட்டகங்களுக்கு நீட்டி, வாய், கை, கண் இவற்றை மட்டும் மாற்றுவதைச் சிக்கன அசைவூட்டம் என்று சொல்லலாம். செலவு குறைவு. ‘குளோன் ஹை’ அந்தச் சிக்கனத்தையே அழகாக்கிக்கொண்டது: தடித்த கோடுகள், தட்டையான நிறங்கள், கோணல்மாணலான உடல்கள். முகத்தில் நுணுக்கம் குறைவாக இருப்பதால் பார்க்கிறவர் அதை ஒரு ஆளாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வகைமாதிரியாக எடுத்துக்கொள்கிறார். அரிதாரம் செய்யும் வேலையும் அதேதான்.

2003 ஜனவரி

தொடரை உருவாக்கியவர்கள் பில் லார்ட், கிறிஸ் மில்லர், பில் லாரன்ஸ். முதல் இருவரும் பின்னாளில் ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்கள். 2002 நவம்பரில் கனடாவின் டெலிடூன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2003 ஜனவரியில் அமெரிக்காவில் எம்டிவி சேனலுக்கு வந்தது. மொத்தம் 13 பகுதிகள். அந்த ஜனவரி முடிவதற்குள் செய்தி இந்தியாவுக்கு எட்டியது. காந்தி சுடப்பட்ட நாளான ஜனவரி 30-ஐ ஒட்டி இங்கே உண்ணாவிரதப் போராட்டம் நடந்தது. எம்டிவி மன்னிப்புக் கேட்டது, தொடர் அமெரிக்க ரசிகர்களுக்காக எடுக்கப்பட்டது என்று விளக்கமும் சொன்னது. அங்கே பார்வையாளர் எண்ணிக்கையும் பெரிதாக இல்லை. எல்லாப் பகுதிகளும் வருவதற்கு முன்பே எம்டிவி அதை நிறுத்தியது. கடைசிப் பகுதியில் பள்ளி விருந்தின்போது பிள்ளைகள் எல்லோரும் உறைபனிக் கிடங்கில் உறைந்துபோகிறார்கள். கதை அப்படியே அந்தரத்தில் நின்றது.

இங்கே என் அக்கா வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தைச் சொல்ல வேண்டும். அக்கா இருப்பது காட்பாடி காந்தி நகரில், அதுவும் பொருத்தம்தான். அவர் மகன் அந்தத் துண்டுக் காட்சியை என்னிடம் காட்டிக் கேட்டான்:

“மாமா, லிங்கனையும் கென்னடியையும் இதைவிட மோசமா கலாய்ச்சிருக்கான். ரெண்டு பேரையுமே சுட்டுத்தான் கொன்னாங்க. அமெரிக்காக்காரன் கோவப்படல. நமக்கு மட்டும் ஏன் கோவம் வரணும்?”

நான் வேஷம், இலக்கு என்று ஆரம்பிப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“டேய், அவன் தாத்தாவ அவன் கலாய்க்கிறான். நம்ம தாத்தாவ அவன் ஏண்டா கலாய்க்கிறான்?”

அக்கா ‘குளோன் ஹை’யின் ஒரு பகுதியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வலுவானது. அந்தத் தொடரின் பிரதான நகல்கள் ஐந்து பேர். அவர்களின் மூலவர்களில் ஒருவருக்கும் நிம்மதியான சாவு வாய்க்கவில்லை. லிங்கன், கென்னடி, காந்தி மூவரும் சுடப்பட்டவர்கள். ஜோனை 1431-ல் எரித்தார்கள். கிளியோபாட்ரா தன்னையே மாய்த்துக்கொண்டதாக வரலாறு. தொடரைப் பொறுத்தவரை ஐவரும் பாடப்புத்தகப் படங்கள், ஒரே தட்டில் வைக்கலாம். ஆனால் கட்டியக்காரன் உள்ளூர்க்காரன். அவனுக்கும் கூட்டத்துக்கும் ஊர், சாமி, ராஜா எல்லாம் பொது. அதனால்தான் அவனுக்கு அந்த உரிமை. லிங்கனை வேஷமாக எடுக்கும் அமெரிக்கருக்கு அந்த உரிமை இருக்கிறது, எடுத்தால் வலி தனக்கும் உண்டு. காந்தியை எடுக்கும்போது வலிக்கிற கூட்டம் அவர் கண்ணுக்கு எதிரே இல்லை, கடல் தாண்டி இருக்கிறது.

போராடியவர்கள் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. தொடர் இந்தியத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதல்ல. வேஷத்தைப் பற்றிய செய்தி மட்டும் இங்கே வந்தது, இலக்கு வரவில்லை. வேஷம் மட்டும் தனியாக வந்தால் யாருக்கும் அதுதான் இலக்கு என்று தோன்றும். ‘காந்தியைக் கோமாளியாக்கிய தொடர்’ என்று ஒரு வரியில் கேட்கிறவருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டதுதான் குறை.

என் கட்சியைக் கேட்டால், தொடருக்குப் பாதி மதிப்பெண்தான். கவனச்சிதறல் பகுதியில் காந்தி வேஷம் உண்மையாகவே வேலை செய்கிறது: எல்லோரையும் அணைத்துக்கொண்ட ஒருவரின் நகலை ஊர் ஒதுக்கிவைக்கிறது என்னும்போது ஒரு குத்து இருக்கிறது. ஆனால் பல பகுதிகளில் அந்தப் பையனுக்கு வேலையே இல்லை. கத்துகிறான், குதிக்கிறான், அவ்வளவுதான். அங்கே அவன் பெயர் காந்தி என்பதைத் தவிர நகைச்சுவைக்கு வேறு சரக்கு கிடையாது. பெயரை மாற்றிப் போட்டால் காட்சி செத்துவிடும். இலக்கு இல்லாமல் வேஷத்தை மட்டும் வைத்துச் சிரிக்கவைப்பது கேலி. அந்த இடங்களில் அக்கா சொன்னதுதான் சரி.

துண்டாக வரும் அங்கதம்

2003-ல் செய்தி வழியாக நடந்தது இன்று தினமும் செல்போன் வழியாக நடக்கிறது. இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து முப்பது நொடி வெட்டி அனுப்புகிறார்கள். வெட்டும்போது முதலில் விழுவது இலக்கு. ஏனென்றால் இலக்கு காட்சிக்கு வெளியே இருக்கிறது: முன் வரிசையில், நேற்றைய மழையில், கூட்டத்தின் நினைவில். வேஷம் மட்டும் கண்ணாடிக் கிரீடத்தோடு பத்திரமாக வந்து சேர்கிறது. நம் கட்டியக்காரனின் பேச்சையே அப்படி வெட்டி வடநாட்டுக்கு அனுப்பினால், கோயில் திருவிழாவில் பாரதத்தை அவமதிக்கிறார்கள் என்று ஒரு சண்டை கிளம்பாது என்று என்னால் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத் தந்திரமும் உண்டு. ஒரு சாதியை, ஒரு பெண்ணை, ஒரு உடல் குறையை நேராகவே இழிவுபடுத்திவிட்டு, மாட்டிக்கொண்டதும் “அது சட்டையர்” என்பார்கள். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: சரி, இலக்கு யார்? பதில் சொல்ல முடியாமல் மென்று விழுங்கினால் அங்கே அங்கதம் இல்லை. இலக்கு என்று அவர் காட்டும் ஆள் தன்னைவிட எளியவராக இருந்தாலும் சந்தேகப்படலாம். கட்டியக்காரன் முன் வரிசையில் இருந்தவரைத்தான் பிடித்தான், கடைசியில் கோணிப்பையை விரித்துத் தூங்குகிறவரை அல்ல.

திரும்பி வந்தபோது

இருபது வருடம் கழித்து, 2023 மே மாதம், மேக்ஸ் என்ற ஓடிடி தளத்தில் ‘குளோன் ஹை’ மறுபடி வந்தது. உறைந்த பிள்ளைகள் உருகி எழுகிறார்கள், அதே பதினாறு வயசு, ஆனால் உலகம் மாறிவிட்டது. இவர்கள் சிரித்த பழைய ஜோக்குகளுக்குப் புதிய மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஓவியர் ஃப்ரீடா காலோ, அடிமை ஒழிப்புப் போராளி ஹாரியட் டப்மன், சீன ஞானி கன்பூசியஸ் என்று புது நகல்கள். காந்திக்கு இந்த முறை இடமில்லை.

புதிய பருவத்தில் சுவாரசியமான வேஷம் கொலம்பஸ். மூலவர் அமெரிக்கப் பழங்குடிகளுக்குச் செய்த கொடுமைகளுக்காக இன்று அந்தப் பெயருக்குக் கடும் கண்டனம் உண்டு, அந்தப் பெயரோடு நடமாடவே அவனுக்குப் பயம். அதனால் பெயரை உடைத்து ‘டோஃபர் பஸ்’ என்று மாற்றிக்கொண்டு, எல்லோருக்கும் நல்லவனாக நடிக்கிறான். இலக்கு கொலம்பஸ் அல்ல, உள்ளே ஒன்றும் மாறாமல் வெளியே சரியான வார்த்தைகளை மட்டும் கற்றுக்கொண்டவர்கள். எனக்கு இந்த வேஷம் முதல் பருவத்துக் காந்தியைவிட நேர்த்தியாகப் படுகிறது, ஏனென்றால் பெயருக்கும் இலக்குக்கும் உள்ள உறவு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் 2024-ல் வந்த அடுத்த பருவத்தோடு இந்த வரவும் முடிந்துபோனது.

பார்க்க நினைப்பவர்கள் முதல் பருவத்தின் மூன்றாம் பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிச் சங்கதிகள் பல இடத்தில் பிடிபடாது, விட்டுவிட்டுப் போகலாம். காந்திப் பையன் அந்தப் பகுதியிலும் பொறுக்கமுடியாதவனாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மற்ற பகுதிகளில் அவன் சத்தம் இதைவிட அதிகம்.